ஏ9 வீதியோரத்து மடமும் கிணறும்: ஒரு தரிப்பிடத்தின் வரலாறு, ஒரு தகராறு, அதன் முடிவு

இடமும் ஆட்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியில், கொடிகாமத்துக்குக் கிட்ட, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதியோரம் மூன்று பரப்புக் காணிக்குள் வழிப்போக்கர் தங்கும் ஒரு மடமும் நல்ல தண்ணீர்க் கிணறும் தலைச்சுமையை இறக்கி வைக்கும் கல்லான சுமைதாங்கியும் ஒரு தேத்தண்ணிக் கடையும் இருக்கின்றன. இவற்றை என்ன செய்வது என்று எங்கள் ஊரில் சில வருடங்கள் இழுபட்ட பிரச்சினையையும் அது முடிந்த விதத்தையும் இங்கே பதிகிறேன். யாழ்ப்பாணத்தில் இப்படி மடங்கள் இன்னும் பல ஊர்களில் உண்டு. அனேகமானவற்றின் உரித்தாளிகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், காணியின் உரிமைப் பத்திரமான உறுதி எங்கே என்று ஆருக்கும் தெரியாது, வீதி வேலைக்கு அளவெடுக்க ஆட்கள் வந்து முளை அடிக்கும்போதுதான் ஊரே திரும்பிப் பார்க்கும். எங்களுக்கும் அப்படித்தான் தொடங்கியது. சம்பந்தப்பட்டவர்கள் ஊரிலும் வெளியிலும் இருப்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

மூன்று தரப்பு. மடத்தைக் கட்டியவரின் பூட்டப்பிள்ளைகள், பெரும்பாலும் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள். கடை நடத்தும் அக்கா, இது அவருடைய மாமனார் தொடங்கிய கடை, கணவர் தவறியபின் தனியாக நடத்துகிறார். மூன்றாவது ஊர்ச் சனசமூக நிலையம். நான் அதன் செயற்குழுவில் இருந்தேன், கூட்டக் குறிப்பு எழுதுவதும் வயதானவர்களிடம் போய் விசாரித்து எழுதிக்கொண்டு வருவதும் என் பொறுப்பு. கீழே இருப்பவற்றில் பழைய காலத்துச் செய்திகள் அப்படிக் கேட்டவை, மற்றவை நேரில் இருந்து பார்த்தவை.

வண்டில் காலம்

இந்த இடத்தில் ஏன் ஒரு தரிப்பிடம் வந்தது என்பதற்கு இரண்டு காரணம். ஒன்று தூரம். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து இங்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றர். பாரம் ஏற்றிய மாட்டு வண்டில் மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீற்றர் போகும். பொழுதுபட வெளிக்கிட்டால் விடியற்புறம் இந்த இடத்துக்கு வரலாம், மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, வெயில் இறங்கும் வரை படுத்து எழும்பி, மற்ற இரவு குடாநாட்டின் வாசலான ஆனையிறவுப் பக்கம் போகலாம். புகையிலையும் பனங்கட்டியும் ஏற்றிக்கொண்டு வன்னிக்குப் போனவர்களும் அங்கிருந்து நெல்லோடு திரும்பியவர்களும் இப்படித்தான் போய்வந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

மற்றக் காரணம் தண்ணீர். குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர் நீருக்கு மேலே ஒரு படையாக நிற்கும், அதைத்தான் கிணறு வெட்டிக் குடிக்கிறோம். களப்பை அண்டிய பகுதியில் அந்தப் படை மெல்லியது, நாலு கிணறு வெட்டினால் ஒன்றில்தான் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் வரும். மடத்துக் கிணறு அந்த ஒன்று. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை, ஆனால் தகராறு நடந்த காலத்தில் இதை யாரும் பேசவில்லை.

மடம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கட்டியது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், முன்பக்கம் நீளத் திண்ணை, ஓட்டுக் கூரை. பருத்தித்துறைத் தெருமூடி மடம் மாதிரி வீதியையே தன் கூரைக்குள் எடுத்துக்கொண்ட பெரிய வேலைப்பாடு இல்லை, சாதாரண மடம். பக்கத்தில் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி, உடம்பு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல், வீதிப் பக்கமாகச் சுமைதாங்கி. மகள் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனதால் அவளுடைய நினைவாகத் தகப்பன் சுமைதாங்கி வைத்தார் என்பது ஊர்ப் பேச்சு. அப்படி வைப்பது இங்கே வழக்கம்தான்.

1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை ரயில் வந்தது, 1905இல் தெற்கோடு பாதை இணைந்தது. தூரப் பயணக்காரர் ரயிலுக்குப் போய்விட்டார்கள். மடத்தில் மிஞ்சியது கொடிகாமம் சந்தைக்குத் தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் கொண்டுபோகிறவர்கள், தலைச்சுமைக்காரர், கோயில் யாத்திரைக்காரர். பிறகு லொறியும் பஸ்ஸும் பெருகிய 1950களில் அக்காவின் மாமனார் மடத்துக்குப் பக்கத்தில் கிடுகுக் கொட்டில் போட்டுத் தேத்தண்ணி வைக்கத் தொடங்கினார். மடத்துக்காரரின் மகன் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதிதான். வாடகை வேண்டாம், கிணற்றையும் மடத்தையும் துப்புரவாக வைத்திருக்க வேண்டும், தண்ணீர் கேட்டு வருகிறவரிடம் காசு வாங்கக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லை.

பாதை மூடிய காலம்

1990க்குப் பிறகு போரால் ஆனையிறவுப் பாதை அடைபட்டது. வன்னிக்குப் போகிறவர்கள் களப்புக் கரையில் இருக்கும் கிளாலிக்குப் போய் இரவில் வள்ளம் ஏறிக் களப்பைக் கடந்தார்கள். அந்தக் கிளாலிப் பயணத்துக்கு எங்கள் மடம் காத்திருக்கும் இடமாகியது. பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களிலும் சைக்கிளிலும் மத்தியானமே வந்து திண்ணையில் இருந்துவிட்டு, பொழுது சாயக் கிளாலிக்கு இறங்குவார்கள். கடையில் சீனி இல்லாத நாட்களில் ஒரு கடி பனங்கட்டியோடு வெறும் தேத்தண்ணி. திரும்பி வராதவர்களும் உண்டு. அப்படி ஒருவருடைய சைக்கிள் நெடுநாள் மடத்துச் சுவரோடு சாத்தியபடியே நின்றது என்று அக்கா சொன்னார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் யாழ்ப்பாணப் பட்டினத்தை நெருங்கியதால், பட்டினமும் அதைச் சுற்றிய ஊர்களும் சேர்ந்த வலிகாமத்துச் சனம் ஏறக்குறைய முழுவதும் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு வந்தது. மழை. குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத் தண்ணீர் குடித்தவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். அடுத்தடுத்த நாட்களில் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தவர்களுக்கு மடத்துக் கிணற்றில் வாளி ஓயாமல் ஓடியிருக்கிறது, கடைசியில் கலங்கல்தான் வந்தது என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

அடுத்த வருடம் இராணுவம் வந்தது. 2000இல் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது, சாவகச்சேரி தரைமட்டமானது, எங்கள் மடத்தின் கூரை விழுந்தது, கடை எரிந்தது. 2002இல் ஏ9 திறந்தபோது அக்காவின் கணவர் தகரம் போட்டு மறுபடி கடை தொடங்கினார். நாலு வருடம் நல்ல ஓட்டம். 2006 ஓகஸ்ட் 11 முகமாலையில் பாதை மூடியது, கடையும் படுத்தது. 2009இல் போர் முடிந்தபின்தான் திரும்ப வாகனம் வரத் தொடங்கியது.

வீதி அகலித்தபோது

வீதியைப் புதிதாகப் போட வந்தவர்கள் அடித்த முளை சுமைதாங்கிக்கு அங்காலும் மடத்தின் முதற்படிக்கு உள்ளாலும் விழுந்தது. ஊரில் இரண்டு பேச்சு. ஒரு பகுதியினர், இது வீதிக்குரிய காணி, வளர்ச்சியை மறிக்கக் கூடாது என்றார்கள். மற்றவர்கள் ஒரு கல்லையும் தொட விடமாட்டோம் என்றார்கள். பொறுப்பாக வந்த பொறியியலாளர் நல்ல மனிதர், சுமைதாங்கியை நீங்களே பின்னுக்கு நகர்த்தினால் அதுவரை அந்தத் துண்டை விட்டுவைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன் ஒருவரைப் பிடித்தோம். அவர் ஒவ்வொரு கல்லுக்கும் உள்பக்கம் இலக்கம் போட்டு, நாலு பக்கமும் படம் எடுக்கச் சொல்லி, பிறகுதான் கழற்றினார். சீமெந்து வைக்க விடவில்லை. முருகைக்கல் மெதுவானது, சீமெந்து இறுக்கமானது, உள்ளே போன ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் கல்லே செதிலாகக் கழன்று கொட்டிவிடும் என்றார். அது சரி, அப்படிக் கொட்டுண்ட மதில்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுமைதாங்கி இப்போது சில மீற்றர் உள்ளே, அதே முகம் வீதியைப் பார்த்தபடி நிற்கிறது. மடத்தின் முதற்படி போய்விட்டது, திண்ணை தப்பியது.

தொட்டியும் ஆவுரஞ்சிக்கல்லும் தப்பவில்லை. நிலம் மட்டம் பண்ணிய யந்திரம் இரண்டையும் மண்ணுக்குள் தள்ளிவிட்டது. காக்க வேண்டியவை என்று கொடுத்த பட்டியலில் அவை இருக்கவில்லை, ஏனென்றால் மாடு இல்லாத காலத்தில் அவற்றை வெறும் கல் என்றுதான் ஊர் நினைத்திருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம்

சில வருடம் கழித்து மடத்துக்காரரின் பூட்டப்பிள்ளைகளிடமிருந்து கடிதம் வந்தது. இது தங்கள் முதுசம், மடத்தை இடித்து மாடிக் கட்டடம் கட்டப் போகிறோம், கீழே நாலு கடை, மேலே பூட்டனாரின் பெயரில் மண்டபம், கடைக்கார அம்மா எழும்பிக்கொண்டால் ஒரு தொகை தருகிறோம் என்று. அவர்கள் மனதில் கெட்ட நோக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசைக்குக் கட்டடம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

அக்காவின் தம்பிமார் சட்டத்தரணியிடம் போனார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கிறோம், பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது அவர்கள் வாதம். மற்றப் பக்கம் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டியது. போரால் தங்கள் காணியைக் கவனிக்க முடியாமற்போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் ஆட்சிக் கணக்கில் சேராது என்கிறது அது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. கோயில் திருவிழாவில்கூட ஒருவரோடு ஒருவர் கதைக்காத நிலை.

தேடியதும் பார்த்ததும்

சனசமூக நிலையம் ஒரு பக்கமும் சேராமல் இரண்டு வேலை செய்தது. முதலாவது, மூல உறுதியைத் தேடுவது. வீட்டுப் பிரதி எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது. காணிப் பதிவகத்தில் ஆளின் பெயரை வைத்துத் தேடினால் அதே பெயரில் பத்துப் பேர் வந்தார்கள். கடைசியில் தொண்ணூறு வயதை அண்டிய ஆச்சி ஒருவர், நாங்கள் எல்லோரும் மடத்தடி என்று சொல்லும் காணிக்கு உறுதியில் இருக்கக்கூடிய பழைய பெயரைச் சொன்னார். காணிப் பெயர் கிடைத்ததும் பதிவு கிடைத்தது, நொத்தாரிசு முடித்த உறுதியின் பிரதி எடுக்க முடிந்தது.

அதில் இருந்தது இரண்டு பக்கத்தையும் அமர்த்தியது. மடத்தைக் கட்டியவர் காணியைப் பிள்ளைகளுக்கு எழுதவில்லை. வழிப்போக்கருக்குத் தண்ணீருக்கும் தங்கலுக்குமாகத் தருமத்துக்கு விட்டு, பராமரிக்கும் பொறுப்பை மட்டும் சந்ததிக்குக் கொடுத்திருந்தார். ஆகவே பூட்டப்பிள்ளைகளுக்கு அது முதுசம் இல்லை. பொறுப்பாளரின் அனுமதியோடு இருந்தவர், எதிராக ஆண்டதாகச் சொல்லி ஆட்சியுரிமை கேட்க முடியாது என்பதால் அக்காவுக்கும் அது சொந்தம் இல்லை.

இரண்டாவது வேலை, இன்று இங்கே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது. இளம் பிள்ளைகள் முறை வைத்து வீதியோரம் இருந்து எழுதினார்கள். கொழும்பு இரவு பஸ் ஒன்றும் நிற்பதில்லை, நிற்கவும் மாட்டாது. யாழ்ப்பாணத்துக்கு இன்னும் அரை மணித்தியாலம்தான் என்றால் சாரதி ஏன் நிறுத்த வேண்டும்? வண்டில் காலத்தில் ஒரு இரவுத் தூரமாக இருந்தது இன்று ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத் தூரம். விடியற்புறம் மரக்கறி லொறிக்காரர் நின்றார்கள். பௌர்ணமிப் போயா விடுமுறைகளில் நயினாதீவு விகாரைக்குப் போகும் தெற்கு யாத்திரை பஸ்கள் வந்தன, அவற்றில் வந்த பெண்கள் கேட்ட முதற் கேள்வி மலசலகூடம் எங்கே என்பது. இல்லை என்றதும் திரும்பி ஏறினார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுக் குடும்பங்களின் வான்கள், அங்கும் அதே கேள்வி. பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்காகத் திண்ணையில் இருந்தார்கள். வீதியில் வந்த ஒருவரும் நாலு கடையும் ஒரு மண்டபமும் தேடி நிற்கவில்லை.

எடுத்த முடிவுகள்

வழக்குப் போட்டால் பத்து வருடம் இழுக்கும், அதற்குள் மடம் தானாக விழுந்துவிடும் என்று இரு பக்கச் சட்டத்தரணிகளுமே சொன்னார்கள். மத்தியஸ்த சபையில் இருந்து அனுபவப்பட்ட ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் நடுவில் இருக்கச் சம்மதித்தார். பேச்சு பல மாதம் போனது. வெளிநாட்டுக்காரர் இரவில் கைபேசி வழியாகக் கலந்துகொண்டார்கள்.

மடத்தை இடிப்பதில்லை, கூரையை மட்டும் திருத்துவது என்பது முதல் முடிவு. உறுதியில் தங்கல் என்று இருப்பது திண்ணையால் நிறைவேறுகிறது, மண்டபத்தால் அல்ல. பூட்டப்பிள்ளைகள் மாடிக்கு வைத்திருந்த காசின் ஒரு பகுதியைக் கூரைக்கும், காணியின் பின் எல்லையில் மலசலகூடத்துக்கும் கொடுக்கச் சம்மதித்தார்கள். குழியைப் பின் எல்லைக்குத் தள்ளியதில் கடும் வாக்குவாதம். வீதிக்குக் கிட்ட இருந்தால்தான் ஆட்கள் பாவிப்பார்கள் என்பது ஒரு பக்கம், ஆனால் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு வழியாகக் குழித் தண்ணீர் கிணற்றுக்கு வரும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்தபின் அந்தப் பேச்சு நின்றது.

அக்கா கடையைத் தொடர்வார், வாடகை இல்லை, பதிலாக மடம், கிணறு, மலசலகூடம் மூன்றின் துப்புரவும் அவர் பொறுப்பு. முன்பு வாயால் சொன்னதை இம்முறை எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். மலசலகூடத்துக்குக் காசு வாங்கலாமா என்பதில் நிலையத்துக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது, பராமரிப்புக்காகச் சிறு தொகை வாங்கலாம் என்று முடிவானது. குடிதண்ணீருக்கும் ஒரு விலை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது அக்கா எழும்பிவிட்டார். “தண்ணிக்குக் காசு வாங்கச் சொன்னா நான் இப்பவே கடையைப் பூட்டிப்போட்டுப் போறன், தம்பி. மாமா அப்பிடி எனக்குச் சொல்லித் தரேல்லை.” அதோடு அது முடிந்தது.

வரலாற்றுப் பலகை ஒன்று வைப்பதென்றும் தீர்மானித்தோம். தாளில் இருப்பது, அல்லது தொடர்பில்லாத இரண்டு பேராவது சொன்னது மட்டும் எழுதலாம் என்று விதி வைத்தோம். 1995ஐ எழுதினால் தேவையில்லாத கேள்வி வரும் என்று சிலர் பயந்தார்கள். அதை விட்டுவிட்டு மடத்தின் வரலாறு எழுதுவது பொய் என்று நான் வாதாடினேன், இப்போதும் அதுதான் என் கருத்து. திகதியும், வந்தவர்களுக்கு இந்தக் கிணறு தண்ணீர் கொடுத்தது என்பதுமாக இரண்டு வரி எழுதப்பட்டது.

தண்ணீர் உவர்த்தது

மலசலகூடம் திறந்தபின் பஸ்கள் நிற்கத் தொடங்கின, எதிர்பார்த்ததைவிட அதிகம். கடையில் வடையும் வாய்ப்பனும் மத்தியானத்துக்கு முன்பே முடிந்தது. மடத்துக் கிணற்றில் மோட்டர் பூட்டி மேல்தாங்கிக்கு ஏற்றி அதிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் தண்ணீர். முதல் மாரி வரை பிரச்சினை இல்லை. அடுத்த கோடையில், ஆவணி வெயிலில், அக்கா ஒரு நாள் தேத்தண்ணி கரிக்கிறது என்றார். பாலில் பிழை என்று நினைத்தோம். ஒரு கிழமைக்குள் கிணற்றுத் தண்ணீரே உவர்த்துவிட்டது.

காரணம் பிறகுதான் விளங்கியது. நன்னீர்ப் படை மெல்லியது, அதை மோட்டரால் ஒரேயடியாக இறைத்தால் அடியில் இருக்கும் உவர் நீர் மேலே எழும்பும். துலாவாலும் வாளியாலும் அள்ளிய காலத்தில், ஒரு கை களைத்து மற்றக் கை வரும் இடைவெளியில் கிணறு ஊறிக்கொண்டது. 1995இல் கலங்கல் வந்த கதையைச் சொன்ன பெரியவர்கள் உண்மையில் எங்களுக்கு இந்தக் கிணற்றின் அளவைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

உடனே மோட்டரை நிறுத்தினோம். மலசலகூடத்துக்கு, பின்பக்கக் காணிக்காரரின் உவர்க் கிணற்றிலிருந்து அவர் சம்மதத்தோடு குழாய் எடுத்தோம், கழுவுவதற்கு அது போதும். மடத்துக் கூரைக்குப் பீலி போட்டு மழைநீர்த் தாங்கி வைத்தோம். மடத்துக் கிணறு குடிக்க மட்டும், கப்பியும் வாளியும் மட்டும். அந்த மாரி நல்ல மழை பெய்தது, தை மாதமளவில் தண்ணீர் பழைய ருசிக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் அக்கா வெளியிலிருந்து தண்ணீர் வாங்கித் தேத்தண்ணி வைத்தார், அதில் அவருக்கு நட்டம். நிலையத்தால் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்ய முடிந்தது.

இப்போதைய நிலையும் மாற வேண்டியவையும்

மடம் நிற்கிறது, கூரை ஒழுகவில்லை. யாத்திரை பஸ்களும் லொறிகளும் நிற்கின்றன, பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது, அக்காவும் உதவிக்கு இருக்கும் ஒரு பெண்ணும் அதில் சீவிக்கலாம். பூட்டப்பிள்ளைகளில் இரண்டு குடும்பம் வந்து பார்த்துத் திருப்தியோடு போனது. ஒரு குடும்பம் இன்னும் கோபம், மண்டபம் வராதது அவர்களுக்குப் பெரிய குறை.

வேறு ஊரில் இப்படி ஒன்று வந்தால் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் உறுதியைத் தேடுங்கள், அதுவும் காணிப் பெயரை வைத்து, அந்தப் பெயர் தெரிந்த கடைசி ஆட்கள் இருக்கும்போதே. அது கைக்கு வரும் முன்பு சட்டத்தரணிக் கடிதம் பறந்ததால்தான் எங்கள் ஊரில் இவ்வளவு மனக்கசப்பு. வீதி வேலை தொடங்க முன் காணிக்குள் நிற்கும் ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, எதற்குப் பாவித்தது என்று கேட்டு எழுதிக் கொடுங்கள், தொட்டியும் ஆவுரஞ்சிக்கல்லும் அந்தக் கவனம் இல்லாமல்தான் போயின. கிணற்றில் மோட்டர் பூட்டுவதானால் ஒரு முழுக் கோடை நீர்மட்டத்தையும் உவர்த் தன்மையையும் அளந்து பார்த்தபின் பூட்டுங்கள். எங்கள் கிணற்றுக் கட்டில் இப்போது மட்டம் பார்க்கக் கோடு கீறி வைத்திருக்கிறோம், பள்ளிப் பிள்ளைகள் கிழமைக்கு ஒருமுறை பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார்கள்.

தீராதது ஒன்று உண்டு. எழுதிய உடன்பாடு அக்காவின் பெயரில் மட்டும் இருக்கிறது, அவருக்குப் பிறகு யார் என்று அதில் இல்லை. பொறுப்பாளர் குழுவை முறைப்படி பதிவுசெய்து, கடை நடத்துபவரைத் தெரிவுசெய்யும் விதத்தையும் எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்று நிலையம் கேட்டிருக்கிறது. வெளிநாட்டுக் குடும்பங்களின் கையெழுத்துக்காகத் தாள் போயிருக்கிறது.